கோடியக்கரையில் ஒரு பகல்: குளிர்காலப் பறவைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடியக்கரைக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்திருப்பார்கள். பெருமழை கொட்டித் தீர்த்த மறுவாரம் போயிருப்பார்கள். பத்து மணிக்கு மேல் போய் இறங்கியிருப்பார்கள். அல்லது வெயிலுக்கு எதிரே நின்றுகொண்டு, கருப்புப் புள்ளிகளாகத் தெரிவதை என்னவென்று தெரியாமல் விழித்திருப்பார்கள். மூன்றும் தவிர்க்கக் கூடியவையே. தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள், சூரியன் நிற்கும் பக்கத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் நில அமைப்பு மனதில் பதிய வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் முனைதான் கோடியக்கரை. கிழக்கிலும் தெற்கிலும் கடல். மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீளும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. இரண்டுக்கும் நடுவே, பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக்காடும், வெளிமான்கள் மேயும் புல்வெளியும். 1967இல் இது வனவிலங்கு சரணாலயமானது. 2002இல் சதுப்பு முழுவதையும் சேர்த்து உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சதுப்பு, காடு, கடற்கரை ஆகிய மூன்றுக்கும் பறவைகள் வேறு, பார்க்க ஏற்ற நேரமும் வேறு.

எந்த நாளில் போவது

வடக்கிலிருந்து வரும், சேற்றோரம் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகஸ்ட் கடைசியிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சதுப்பில் தண்ணீர் ஏறிவிடும். ஏறிய தண்ணீர் வடிந்து, சேற்றுத் திட்டுகள் அங்கங்கே தலைகாட்டும் காலம்தான் நமக்கு வேண்டியது. சாதாரண மழை ஆண்டில் அது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கரைப்பறவைகள் நீந்தி இரை தேடுவதில்லை; நின்றுகொண்டுதான் தேடும். அதனால் கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்துக்குள்தான் அவற்றின் வாழ்க்கை. கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரே அதிகம். ஈரச் சேறே போதும். வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் மட்டும் இறங்கும். பவளக்காலியும் பச்சைக்காலியும் நான்கு விரல் ஆழத்தில் நடக்கும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை தாங்கும். பூநாரை மட்டும் முக்கால் மீட்டர் ஆழத்திலும் கழுத்தை இறக்கி அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டி உண்ணும். ஆகவே ஒரே மழையில் சதுப்பு முழங்கால் ஆழத்துக்கு நிறைந்துவிட்டால், சின்னப் பறவைகள் அத்தனையும் வேறு இடம் பார்த்துப் போய்விடும். உப்பும் நீர்த்துப்போகும், உப்புநீரில் வாழும் சிற்றுயிர்கள் குறையும், பூநாரைகளும் சிதறும். பறவைகள் வரவேயில்லை என்று அந்த வாரத்தில் பேச்சு கிளம்பும். உண்மையில் அவை உப்பளப் பாத்திகளுக்கும் உள்நாட்டு வயல்களுக்கும் இடம் மாறியிருக்கும்.

எனவே புறப்படும் நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தில் வேதாரண்யத்தில் கனமழை பெய்திருந்தால் பயணத்தைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். விடுப்பு எடுத்தாயிற்று, தள்ள முடியாது என்றால் திருவாரூர் மாவட்டத்து ஏரிகளுக்குத் திருப்பிக்கொள்ளலாம். தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் ஏரியும், முத்துப்பேட்டைப் பக்கத்து உதயமார்த்தாண்டபுரமும் நன்னீர்ச் சரணாலயங்கள். அங்கே நத்தைகுத்தி நாரை, நீலத் தாழைக்கோழி, அரிவாள்மூக்கன், வாத்து வகைகள் என நாள் வீணாகாது. புயல் எச்சரிக்கை இருக்கும்போது மட்டும் எந்த யோசனையும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கத்தில்தான்.

ஓதத்தைப் பற்றியும் கேட்பார்கள். இந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் மூன்றடியைத் தாண்டுவதில்லை. குஜராத் கரையைப் போல ஓத அட்டவணை பார்த்து நேரம் குறிக்கத் தேவையில்லை. இங்கே ஓதத்தின் வேலையைக் காற்றே செய்கிறது. சதுப்பு தட்டையான பரப்பு என்பதால், வாடைக்காற்று ஓங்கினால் தண்ணீரைத் தென்மேற்கே தள்ளிக்கொண்டு போய், வடகிழக்கு ஓரத்தில் சேற்றைத் திறந்துவிடும். காற்று அடங்கினால் தண்ணீர் திரும்பி வரும். நேற்று ஆயிரம் பறவை நின்ற இடம் இன்று காலியாகக் கிடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

போவதற்கு முன்

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் சுமார் 50 கிலோமீட்டர், திருத்துறைப்பூண்டியிலிருந்து 35. வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகக் கோடியக்கரை ஏறத்தாழ 12. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகல ரயில்பாதை 2023இல் திறக்கப்பட்டாலும், அதை நம்பி விடியற்காலையில் சதுப்போரம் நிற்க முடியாது. முந்தைய இரவு வேதாரண்யத்தில் தங்குவதே சரி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்து காலையில் பறவை பார்ப்பது கண்ணுக்கும் கேடு, சாலைக்கும் கேடு.

சரணாலயத்துக்குள் போக வனச்சரக அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். ஆளுக்கும் வண்டிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கட்டணம் இருக்கலாம். பணத்தைச் சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். வாயில் திறக்கும் நேரம், எந்தப் பாதை தண்ணீரால் மூடியிருக்கிறது, பூநாரை இந்த வாரம் எந்தப் பக்கம் நிற்கிறது, இந்த மூன்றையும் முந்தைய நாள் மாலையே வனத்துறை ஊழியரிடம் கேட்டுவிட்டால் மறுநாள் இரண்டு மணி நேரம் மிச்சம். சதுப்பைத் தினம் பார்க்கும் காவலர் சொல்வதற்கு எந்தச் செயலியும் ஈடாகாது. அங்குள்ள வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்வது இன்னும் நல்லது. பெரிய உப்பளங்களைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. அனுமதி இல்லாமல் பாத்தி வரப்பில் ஏறக் கூடாது.

டீசல், பெட்ரோல், உணவு எல்லாம் வேதாரண்யத்திலேயே. கோடியக்கரையில் கடைகள் குறைவு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியிலும் உப்புக்காற்று நாவை வறட்டிவிடும். சாப்பாட்டுப் பையை வண்டிக்கு வெளியே வைத்தால் குரங்குகள் விடாது. அவற்றுக்கு ஒரு பிஸ்கட்டும் போடாதீர்கள்.

கண்ணாடியும் காலணியும்

இருகண்நோக்கி 8x42 வகை (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) போதும். 10x வாங்கினால் கடற்காற்றில் கை நடுக்கம் கூடவே பெரிதாகும். ஆனால் சதுப்புக்கு அது மட்டும் போதாது. பறவைகள் முந்நூறு, நானூறு மீட்டர் தள்ளி நிற்கும். 20–60 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியும் கனமான முக்காலியும் குழுவுக்கு ஒன்றாவது வேண்டும். முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டாமல் இடுப்பளவில் வைத்து, நடுவில் தண்ணீர்ப் பாட்டில் பையைத் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. பெருக்கத்தை 25–30க்கு மேல் ஏற்றாதீர்கள். சேற்றிலிருந்து எழும் கானல் அலை, பெருக்கம் கூடக் கூடப் படத்தைக் கலக்கிவிடும். ஒன்பதரை மணிக்குப் பிறகு இந்தக் கலக்கம் தாங்க முடியாததாகிவிடும். விலை உயர்ந்த கண்ணாடியாலும் அதைத் தாண்ட முடியாது.

உடை மண் நிறத்தில், முழுக்கை, முழுக்கால். கணுக்காலை மூடும் பழைய கான்வாஸ் காலணி நல்லது. காட்டுப் பகுதியில் உண்ணி ஏறும் என்பதால் கால்சட்டை ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்; மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள்.

சதுப்புக்குள் மட்டும் இறங்கவே வேண்டாம். மேலே வெடித்துக் காய்ந்த ஏடாகத் தெரியும் இடத்தின் கீழே கருப்பு உளைச்சேறு இருக்கும். முழங்கால் வரை புதைந்தால் ஒருவராக வெளியே வருவது கடினம். இழுக்க வருகிறவரும் புதைவார். சாலையோரம், மண்கரை, பார்வைக் கோபுரம், இவ்வளவுதான் நாம் நிற்கும் இடங்கள்.

பகலைப் பிரிப்பது

சதுப்பு மேற்கே, கடல் கிழக்கே. இந்த ஒரு விவரத்திலிருந்தே நாளின் ஒழுங்கு பிறக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க மேற்கு நோக்கிச் சதுப்பைப் பார்க்க வேண்டும். மாலையில் அதே சூரியன் முதுகில் இருக்கக் கிழக்குக் கடற்கரையைப் பார்க்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் பவளக்காலியின் கால் நிறமும் தெரியாது, கடலோரப் பறவையான ஆலாவின் அலகு நிறமும் தெரியாது.

டிசம்பர், ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது ஆறரை மணியை ஒட்டி. வாயில் திறந்ததும் நேரே சதுப்போரம். வெளிச்சம் வரும் முன்பே நின்றால், இரவில் ஒதுங்கியிருந்த கூட்டங்கள் இரைதேடப் பிரியும் காட்சி கிடைக்கும். முதல் அரைமணி நேரம் எதையும் அடையாளம் காண முயலாமல் எங்கே கூட்டம் இறங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். பிறகு தொலைநோக்கியை இடது ஓரத்தில் வைத்து, வலப்பக்கமாக ஒரே சீராக நகர்த்துங்கள். அங்குமிங்கும் தாவினால் பாதியை விட்டுவிடுவீர்கள். ஒரு சுற்றில் பெரியவை: பூநாரை, கரண்டிவாயன், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா. அடுத்த சுற்றில் நீரில் மிதப்பவை: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி. மூன்றாம் சுற்று சேற்றுக்கு. நேரமெல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

வண்டியிலிருந்து பார்ப்பதென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். வண்டியைக் கண்டு பறவை அவ்வளவாக மிரளாது. கதவு திறந்து மனித உருவம் தெரிந்ததும் எழும்பிவிடும். இறங்கியே ஆக வேண்டுமானால் பறவை இல்லாத பக்கத்துக் கதவால் இறங்குங்கள்.

ஒன்பதரைக்குக் கானல் எழுந்ததும் சதுப்பை விட்டுக் காட்டுக்குள் திரும்புங்கள். பாலை மர நிழலில், இலைச்சருகில், ஆறுமணிக்குருவியும் செந்தலைப் பூங்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் தத்தித் தத்தி இரை தேடும். இவற்றைத் தேடி நடக்கக் கூடாது. பத்தடி அகலச் சருகுத் தரை தெரியும் இடமாகப் பார்த்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். சருகு சரசரப்பது முதலில் காதில் விழும், பறவை பிறகுதான் தெரியும். அரசவால் ஈப்பிடிப்பான், நீலவால் பஞ்சுருட்டான் போன்றவையும் இந்த நேரத்துக்குரியவை. சரணாலயத்தில் சற்றே மேடான இடமான இராமர் பாதத்திலிருந்து சுற்றுப்புறத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டால் காடும் சதுப்பும் எங்கே தொடுகின்றன என்பது விளங்கும்.

பதினொன்றரையிலிருந்து மூன்று வரை ஓய்வு. பறவைகளும் ஓய்கின்றன. சாப்பிட்டுவிட்டுக் காலைக் குறிப்புகளைச் சரிபாருங்கள்.

மூன்றரைக்குப் புல்வெளி வழியாக, வெளிமான் கூட்டத்தையும் மட்டக்குதிரைகளையும் பார்த்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகலாம். மான் மேய்வதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்க்கும் தூரமே நமக்கு எல்லை. குளிர்காலம் இங்கே மீன்பிடிப் பருவமும்கூட. வெளியூர் மீனவர்களும் வந்து கரையில் குடில் போட்டுத் தங்குவார்கள். மீன் பிரித்துக் காயவைக்கும் இடத்தைச் சுற்றிப் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் செம்பருந்துகளும் கூடும். ஆட்களையும் அவர்கள் வேலையையும் படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். சற்றுத் தள்ளி, ஆள் நடமாட்டமில்லாத மணல் திட்டில் ஆலாக்கள் காற்றை எதிர்நோக்கி வரிசையாக நிற்கும். தடித்த சிவப்பு அலகோடு கூட்டத்தில் தனித்துத் தெரிவது காஸ்பியன் ஆலா.

ஐந்தேகாலுக்குக் கரையை விட்டுக் காட்டுச் சாலைக்குத் திரும்புங்கள். ஆறுமணிக்குருவி பெயருக்கேற்ப அந்த நேரத்தில் குரல் கொடுக்கும். காலையில் காணாதவர்கள் மாலையில் காதால் பிடிக்கலாம். வாயில் மூடும் நேரத்துக்கு முன் வெளியேறிவிடுங்கள்.

சேற்றில் நிற்கும் பழுப்புக் கூட்டம்

புதியவர்கள் மனம் தளரும் இடம் இது. எல்லாம் ஒரே பழுப்பாக, ஒரே வெள்ளை வயிறாகத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு நடத்தையிலிருந்து தொடங்குங்கள். ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு கொத்து, மீண்டும் ஓட்டம் என்றால் அது உப்புக்கொத்தி. கண்ணால் இரை தேடும் இனம். நிற்காமல் அலகைச் சேற்றில் குத்திக்கொண்டே நகர்ந்தால் அது உள்ளான். அலகு நுனியின் தொடு உணர்வால் தேடும் இனம். இந்த ஒரு பிரிப்பிலேயே கூட்டம் இரண்டாகும். தையல் இயந்திர ஊசிபோல இடைவிடாமல் குத்திக்கொண்டிருக்கும் சிட்டுக்குருவி அளவுப் பறவை கொசு உள்ளான்.

கொசு உள்ளானைவிடப் பெரிது, அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்தது, பறக்கையில் பிட்டம் வெள்ளை என்றால் வளைமூக்கு உள்ளான். ஆரஞ்சுச் சிவப்புக் கால், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. பச்சை சாயல் கால், சற்றே மேல்நோக்கிய அலகு, முதுகில் ஆப்பு வடிவ வெள்ளை என்றால் பச்சைக்காலி. மூக்கன்கள் இரண்டையும் நிற்கும்போது பிரிக்கத் திணறாதீர்கள், பறக்கும் வரை பொறுத்திருங்கள்: கருவால் மூக்கனுக்கு இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை உண்டு, பட்டைவால் மூக்கனுக்கு இல்லை. கோட்டான் என்பது இங்கே ஆந்தையல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை. அவற்றில் தலையில் கோடு உள்ளது சின்னக் கோட்டான். தலை சீராக இருந்து, அலகு நம்ப முடியாத நீளத்துக்கு வளைந்திருந்தால் பெரிய கோட்டான்.

பூநாரையிலும் ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் நிற்பவற்றைச் சின்னப் பூநாரை என்று எழுதிவிடுகிறார்கள். அவை பெரிய பூநாரையின் இளம்பறவைகள். அலகைப் பாருங்கள்: பெரியதற்கு இளஞ்சிவப்பு அலகும் கருப்பு நுனியும்; சின்னதற்கு அலகு முழுதுமே கருஞ்சிவப்பு.

கூட்டம் முழுவதும் காரணமின்றி ஒரேயடியாக எழும்பி இறுக்கமான பந்தாகச் சுழன்றால் சேற்றைப் பார்க்காமல் வானத்தைப் பாருங்கள். வேட்டைப் பறவைகளான பைரியோ சேற்றுப்பூனைப் பருந்தோ மேலே இருக்கும்.

எண்ணும் முறை

பெருங்கூட்டத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோரும் குறைத்தே சொல்வோம். அதனால் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பிடிக்கும் இடத்தை மனதில் அளந்துகொள்ளுங்கள். அப்படிப் பத்துப் பத்தாக நூறு வரை போங்கள். நூறு பிடிக்கும் இடம் தெரிந்ததும் அதை அளவுகோலாக வைத்து மீதியை அளக்கலாம். ஓரத்தில் நெருக்கம் குறைவு, நடுவில் கூடுதல் என்பதால் இரண்டு இடத்தில் தனித்தனியாக நூறு எடுங்கள். கலப்புக் கூட்டமானால் மொத்தத்தை முதலில் எண்ணி, பிறகு மூன்று இடங்களில் நூறு பறவைகளைப் பார்த்து எந்த இனம் எத்தனை என்று விகிதம் எடுங்கள். இருவர் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிட்டால் பிழை தெரியும். இனம் தெரியாதவற்றை ‘உள்ளான் வகை’ என்று எழுதிவிடுவது நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர் பின்னால் வருகிறவரைத் தவறான வழியில் அனுப்பும்.

பறவைப் பட்டியல்களைச் சேகரிக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவதானால் சதுப்பு, காடு, கரை மூன்றுக்கும் தனிப் பட்டியல் போடுங்கள். ஒரே பட்டியலில் கொட்டினால் எந்தப் பறவை எங்கே இருந்தது என்பதே போய்விடும். ஜனவரியில் போகிறவர்கள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் நான்கு நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் எண்ணிக்கை பெரிய கணக்கில் சேரும்.

எவ்வளவு நெருங்கலாம்

மீட்டர் கணக்கு சொல்வதைவிடப் பறவை சொல்வதைக் கேட்பது சரி. முதலில் இரை தேடுவதை நிறுத்தித் தலை தூக்கும். அடுத்து உங்களிடமிருந்து விலகி நடக்கத் தொடங்கும். மூன்றாவதுதான் பறப்பு. தலை தூக்கியதும் நில்லுங்கள். நடந்தால் பத்தடி பின்வாங்குங்கள். பறக்கவிட்டுப் படம் எடுப்பது மன்னிக்கக் கூடிய பழக்கமல்ல. மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்பும் முன் இந்தச் சின்ன உடல்கள் ஏராளமாகக் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். நாம் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் தின்னும் நேரம் குறைந்து, தின்றதும் செலவாகிறது. ஒரு நாளில் பத்து வண்டிகள் வந்து பத்து முறை எழுப்பினால் அந்தக் கடனை அவை எங்கே அடைக்கும்? ட்ரோன் பறக்கவிடாதீர்கள், கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள்.

திரும்பியதும் கண்ணாடிகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடக் கூடாது. படிந்திருப்பது உப்பும் நுண்மணலும். தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுகுமிழால் மணலை ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, பிறகுதான் கண்ணாடித் துணி. முக்காலியின் கால்களையும் பிரித்து நன்னீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் அடுத்த பயணத்துக்குள் திருகுகள் இறுகிவிடும்.

படங்களைப் பெரிதாக்கிப் பறவைகளின் கால்களை ஒருமுறை பாருங்கள். பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்பதை அறிய, பல பத்தாண்டுகளாக அவற்றின் காலில் வளையமிட்டு வருகிறது. வேறு நாடுகளில் வளையமிட்டவையும் இங்கே வரும். உலோக வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், அது பறவையின் இடக்காலா வலக்காலா, முழங்கால் மடிப்புக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக வண்ண வரிசை என்ன, எழுத்தோ எண்ணோ இருக்கிறதா என்று குறித்து, தேதி, இடம், கூட்டத்தின் அளவு சேர்த்துப் படத்துடன் அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். எழுத்து பாதிதான் தெரிகிறது என்றாலும் அனுப்பலாம். வண்ண வரிசையை வைத்தே எந்த நாட்டில் கட்டிய கொடி என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.